புகைக்கூண்டு பங்களா

எனக்குக் கல்யாணமான வருஷமே என் மாமனார் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு வெள்ளைக்காரருடைய தோட்டத்தை வாங்கினார். முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பத்துக்குச் சோமனூர்ப் பக்கம் பருத்தி விளையும் மேட்டுக்காடு இருந்தது. வானம் பார்த்த பூமி. கடைசி மகனையாவது தண்ணீர் இருக்கிற இடத்தில் குடிவைக்க வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. மண்ணைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பேசி முடித்துவிட்டார். அங்கே இருந்த வீட்டுக்குள் அவர் நுழைந்துகூடப் பார்க்கவில்லை.

பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்து, தை மாதத்தில் சோமனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனோம். மாமரங்களுக்கு மேலே முதலில் தெரிந்தது கூரைதான். அத்தனை சரிவான ஓட்டுக் கூரையை எங்களில் யாரும் கண்டதில்லை. முகட்டின் நடுவில் கருங்கல்லால் கட்டிய சதுரமான புகைக்கூண்டு ஒன்று நின்றது. நூல் மில்லுக்கு இருக்கிற மாதிரி ஒரு வீட்டுக்கு எதற்குப் புகைக்கூண்டு என்று வண்டி ஓட்டி வந்தவர் கேட்டார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதைப் புகைக்கூண்டு பங்களா என்றுதான் சொன்னார்கள்.

பங்களா என்றதும் நான் கோயம்புத்தூரில் வெளியிலிருந்து பார்த்த பெரிய பங்களாக்களை மனதில் வைத்திருந்தேன். வெள்ளைத் தூண்கள், சுற்றிலும் வராந்தா, ஆள் உயர ஜன்னல்கள். இங்கே அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஜன்னலில் கையை நீட்டினால் தோள்வரை சுவருக்குள்ளேயே இருக்கும். அவ்வளவு கனமான கல் சுவர். அதில் சின்னச் சின்ன ஜன்னல்கள். தலைவாசலே குள்ளம். உள்ளே நுழைந்ததும் ஒரு நீளமான கூடம். கூடத்தின் குறுக்கே, முழு மரத்தை அப்படியே செதுக்கிப் போட்ட உத்தரங்கள் தலைக்கு எட்டும் உயரத்தில் ஓடின. என் வீட்டுக்காரர் நல்ல உயரம். முதல் நாளே நெற்றியில் இடித்துக்கொண்டார். அதன் பிறகும் இடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த வீட்டைக் கட்டிய துரை மலைமேல் காப்பித் தோட்டத்தில் காலம் கழித்தவர். வயதான பிறகு கீழே இறங்கி வந்து இந்தப் பூமியில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாங்கள் வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே இறந்துபோனார். அவர் காலத்தில் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்து, கவலை ஓட்டிய ஆள் எங்களிடமும் வேலையில் தொடர்ந்தார். துரை வீடு கட்டின விதத்தை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காகிதத்தில் எதையும் வரையவில்லையாம். காலையில் வெறும் மண்ணில் வந்து நிற்பாராம். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கைத்தடியால் கோடு கிழித்து, இங்கே சுவர், இங்கே கதவு, இங்கே ஒரு படி என்பாராம். ஒரு சுவர் பிடிக்காமல் இடித்துக் கட்டச் சொன்னாராம். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

பால் பொங்கின கையோடு என் மாமியார் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சோமனூரில் எங்களுடையது தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த வாசல், நாலு பக்கமும் தாழ்வாரம், அதைச் சுற்றி அறைகள். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். நிலா வந்தால் வீட்டுக்குள்ளேயே காயும். அப்படிப் பழகியவருக்கு இந்த வீடு மூடிய பெட்டி மாதிரி இருந்திருக்க வேண்டும். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு மேலே பார்த்தார்.

"ஏனம்மணி, இந்த ஊட்டுக்கு வாசல் எங்க? மழை பேஞ்சா எங்க உழுகும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. மழையை முழுக்க வெளியே தள்ளிவிடுவதற்காகவே கட்டின வீடு என்று பிறகுதான் புரிந்தது. அவருக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்றுதான். மாட்டுக் கொட்டகை அதே கூரையின்கீழ், கூடத்தை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு கதவு. மாடு கன்று போட்டால் படுத்த இடத்திலிருந்தே தெரியும் என்று சொல்லிக்கொண்டார்.

கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுவதையும் ஒரு கணப்பு அடைத்துக்கொண்டிருந்தது. அடுப்பு என்று சொல்ல முடியாது. ஓர் அறை மாதிரி. நானும் என் வீட்டுக்காரரும் குனியாமல் உள்ளே போய் நிற்கலாம். இரண்டு பக்கமும் உட்காரக் கல் திண்டு. அண்ணாந்து பார்த்தால் புகைக்கூண்டின் வாய் வழியாகச் சதுரமாக ஒரு துண்டு வானம் தெரியும். இடது பக்கத் திண்டில் உட்கார்ந்தால் வலது கைக்கு எட்டுகிற இடத்தில், சுவருக்குள் ஒரு சின்ன மாடம். விளக்கு வைக்கிற மாடமாக இருக்கும் என்று நினைத்தோம். ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் எதற்கு விளக்கு? கணப்பை ஒட்டினாற்போலச் சுழன்று ஏறும் கல் படிக்கட்டு. மாடியில் கூரைச் சரிவுக்குள் இரண்டு அறைகள். வீட்டின் வடக்குக் கோடியில் படி இறங்கிப் போகிற ஓர் அறை. சுவரைச் சுற்றிலும் கல் பலகைகள். அதைப் பால் அறை என்று கவலைக்காரர் சொன்னார்.

முதல் கோடை எனக்குப் பெரிய சோதனையாகப் போய்விட்டது. சித்திரையில் மாடி அறை வெந்தது. கூரைச் சூடு முழுக்கப் படுக்கைக்கு இறங்கிவிடும். ஜன்னல்கள் தெற்கேயும் மேற்கேயும் பார்த்திருந்தன. வெயில் வருகிற பக்கமெல்லாம் தேடித் தேடி வைத்த மாதிரி. பின்பக்கம் ஓலைச் சாய்ப்பு இறக்கி அதில்தான் சமைத்தேன். அங்கே புகையும் வெக்கையும் சேர்ந்துகொண்டன. மாரியம்மன் நோம்பிக்குச் சோமனூர் போனபோது மாமியாரிடம் சொல்லி அழுதே விட்டேன். மாமனார் காதுக்கு அது போயிருக்கிறது. ஒரு வெள்ளாமை வரட்டும், அந்தக் கல்லையே எடுத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான தொட்டிக்கட்டு வீடாகக் கட்டிவிடலாம் என்று அவர் சொன்னதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன்.

ஆனி பிறந்ததும் மலையிலிருந்து சாரல் இறங்கியது. சோமனூரில் சாரல் என்றால் யாருக்கும் தெரியாது. இங்கே நாள் கணக்கில் நூல் நூலாகப் பெய்துகொண்டே இருந்தது. ஓலைச் சாய்ப்பு ஊறி, ஒரு காற்றில் சரிந்து விழுந்துவிட்டது. அன்றைக்குச் சோறு ஆக்கியாக வேண்டும். வேறு வழியில்லாமல் மூன்று கல்லைக் கொண்டுபோய் அந்தக் கணப்புக்குள் வைத்து, ஈர விறகைத் திணித்துப் பற்ற வைத்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். புகை என்னிடம் வரவே இல்லை. கொஞ்சம் தயங்கி, திரும்பி, பிறகு நேராக மேலே போனது.

நான் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சமையற்கட்டுச் சுவர் கறுத்திருக்கும். பெண்களின் கண் எப்போதும் சிவந்திருக்கும். சமைப்பது என்றால் அப்படித்தான் என்று எங்களுக்குப் பழக்கம். அன்றைக்கு முதல்முறையாகக் கண்ணைக் கசக்காமல், சோறு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன். வெளியே சாரல் அடித்தது. கல் திண்டில் உட்கார்ந்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் சுவர் மெல்லச் சூடேறியது. எனக்கு எழுந்து போக மனம் வரவில்லை.

அதன் பிறகு அந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் புரிய ஆரம்பித்தது. வடக்கு அறையில் வெண்ணெய் கோடையிலும் உருகாது என்று கண்டுபிடித்தேன். அடுத்த சித்திரையில் மாடியை விட்டுவிட்டு நாங்களும் பகலில் அங்கே பாய் விரித்துக்கொண்டோம். சாரல் காலத்தில் கல் உப்பு கசிந்து சட்டியில் தண்ணீராக நிற்கும். எங்கெங்கோ வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கணப்புக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தேன். அங்கே அது மணல் மாதிரி உலர்ந்து கிடந்தது. யானைகள் வாழையைச் சாய்த்துவிட்டுப் போன காலங்களில், அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறோம் என்பதே ஒரு தைரியமாக இருந்தது.

அந்த இரண்டாம் வருஷம் நான் உண்டானேன். துணைக்கு என் மாமியார் ஆடி மாதத்தில் வந்து தங்கினார். வந்த நாள் முதல் அடுப்பு வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கணப்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமனாரோ சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. ஆவணி பிறந்ததும் புகைக்கூண்டிலிருந்து இடிக்க ஆரம்பிப்பது, நான் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்த் திரும்பும்போது புது வீட்டில் குழந்தையோடு நுழைவது என்று ஏற்பாடு. கொத்தனார்களுடைய கடப்பாரை, கயிறு, சாரக் கழிகள் முன்கூட்டியே வந்து கொட்டகையில் கிடந்தன. எனக்காகத்தான் இவ்வளவும் செய்கிறார் என்று தெரிந்ததால், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என எனக்குத் தெரியவில்லை.

ஆடிக் கடைசியில் ஒரு காலை நேரம் வாடகைக் கார் ஒன்று சேற்றில் தள்ளாடிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தது. அதிலிருந்து வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவரும், கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சரம்மா ஒருவரும் இறங்கினார்கள். டீச்சர் நம் ஊர்க்காரர்தான். உக்கடம் குளக்கரை தாண்டியதிலிருந்து வழி கேட்டுக் கேட்டே வந்ததாகச் சொன்னார். கூட வந்திருப்பவர் இந்த வீட்டைக் கட்டின துரையின் தங்கச்சி என்றும், அண்ணன் சமாதியைப் பார்ப்பதற்காகக் கப்பலேறி முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்திருக்கிறார் என்றும், வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக அனுமதி கேட்கிறார் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். தலைவாசலைத் தாண்டி, திரும்பி "வாங்க" என்று சொன்னபோது வழக்கம்போல உத்தரத்தில் இடித்துக்கொண்டார். பின்னால் வந்த அந்த அம்மா எதையும் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தபடி, சரியாக அந்த இடத்தில் தலையைத் தாழ்த்தி நிமிர்ந்தார். அவரும் உயரம்தான். அடுத்த உத்தரத்துக்கும் அப்படியே தாழ்த்தினார். பிறகுதான் தான் செய்ததை உணர்ந்தவர் போல நின்றார். உத்தரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு டீச்சரிடம் ஏதோ சொன்னார்.

டீச்சர் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். "இவங்க பொறந்து வளர்ந்த ஊடு இதுவேதானாமுங்க. அப்பா, தாத்தா காலத்துலருந்து பண்ணையம் பண்ணுன ஊடாம். அண்ணன் அதையே இங்க கட்டிப்போட்டிருக்கறாருன்னு இவங்களுக்கு இத்தன நாளாத் தெரியாதாமுங்க."

அதன் பிறகு நாங்கள் வீட்டைக் காட்டவில்லை. அவர்தான் எங்களுக்குக் காட்டினார். வடக்கு அறைக்குப் படி இறங்குவது தெரிந்து, கால் தானாக இறங்கியது. அங்கே தன் அம்மா பாலாடைக்கட்டி செய்து கல் பலகையில் வரிசையாக வைப்பார் என்றார். ஜன்னல்கள் ஏன் வெயில் பக்கம் பார்த்திருக்கின்றன என்று நான் கேட்கச் சொன்னேன். அவர்கள் ஊரில் வெயில் என்பது எப்போதாவது வருகிற விருந்தாளி, அதை ஒரு பொழுதும் விட்டுவிடக் கூடாது என்று பதில் வந்தது. கூரை ஏன் இத்தனை சரிவு என்று என் மாமியார் கேட்டார். குளிர்காலத்தில் வானத்திலிருந்து கொட்டும் பனி மேலே தங்காமல் வழுக்கி விழுவதற்காம். பனி எப்படிக் கொட்டும் என்று மாமியாருக்கு விளங்கவில்லை. கொட்டை எடுத்த பருத்தியை மூட்டை மூட்டையாக அவிழ்த்துவிட்ட மாதிரி என்று டீச்சர் சொன்னார். சோமனூர்க்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படிக்கட்டில் கால் வைத்தவர் சட்டென்று சிரித்துவிட்டார். அவர்கள் வீட்டில் படி இடது பக்கம் சுழலுமாம். அண்ணன் வலது பக்கமாகக் கட்டிவிட்டார். எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தவன் இதைக் கோட்டை விட்டுவிட்டானே என்று சொல்லி, இறங்கி வந்தும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கணப்புக்கு வந்தார். அடுப்பில், இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகைக்கு மாவு வெந்துகொண்டிருந்தது. உள்ளே போய் இடது பக்கத் திண்டில், தனக்கென்று ஒதுக்கி வைத்த இடம்போல, உட்கார்ந்தார். எதிரே இருப்பது அம்மாவின் இடம் என்றார். அங்கே என் மாமியார் உட்கார்ந்திருந்தார். எழுந்துகொள்ளப் போனவரை வேண்டாம் என்று கையமர்த்தினார். பிறகு பேசிக்கொண்டே, பார்க்காமலே, வலது கையை நீட்டி அந்த மாடத்துக்குள் விட்டார். வெளியே எடுத்த விரல்களில் உப்புக் கல் ஒட்டியிருந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. டீச்சரிடம் அவசரமாக ஏதோ கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்து, "இதுல உப்பு வெக்கச் சொல்லி உங்களுக்கு ஆருங்க சொன்னாங்க?" என்றார்.

"ஆருமே சொல்லலீங்க. மழைக்காலத்துல வேற எங்க வெச்சாலும் கசிஞ்சு போயிருதுங்க. இங்கதான் ஈரமில்லாம இருக்குது," என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் ஒரு உப்புக் கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுததை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். அவர்கள் ஊரில் எல்லா வீட்டிலும் போல, அவர் பிறந்த வீட்டிலும் உப்பு வைக்கிற மாடம் அதுதானாம். இப்போது அந்த வீடு இல்லை. பக்கத்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக அணை கட்டினார்கள். பள்ளத்தாக்கில் இருந்த பண்ணை வீடுகள் எல்லாம் முழுகிவிட்டன. தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் கூரையைக் கழற்றுவதைத் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னார். அண்ணன் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவருக்கு அந்தச் சேதி தெரியாமலே போயிற்று.

வாழையிலையில் சந்தகை வைத்து, தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் ஊற்றிக் கொடுத்தோம். கையாலேயே சாப்பிட்டார். புறப்படும்போது கொட்டகையில் கிடந்த கடப்பாரைகளையும் கழிகளையும் பார்த்து, என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார். ஊட்டு வேலை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பொய்யில்லை. நல்ல வேலை, கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் என் வீட்டுக்காரரிடம், இடிக்க வேண்டாம் என்று மாமாவிடம் நீங்கள் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். ஆளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, அப்பா சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது என்று தயங்கினார். அவர் சுபாவம் அது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மாமனார் கொத்தனார்களோடு வந்து இறங்கினார். மேலே பார்த்து, சாரம் எங்கே நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தார். அதுவரை நான் அவர் எதிரில் நின்று பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மாமியார் வழியாகத்தான். அன்றைக்கு எப்படியோ கதவைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்துவிட்டேன்.

"மாமா, பொகைக்கூண்ட இடிக்க வேண்டாமுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை; ஆச்சரியம்தான். "ஏங் கண்ணு? இந்த ஊடு ஆகாதுன்னு நீதானே அழுதே?"

துரைசானி வந்ததை, அழுததை, மூழ்கிப்போன வீட்டை எல்லாம் சொல்ல நினைத்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் எதுவும் வரவில்லை. "கண்ணெரிச்சல் இல்லாமச் சோறாக்கறனுங்க," என்று மட்டும் சொன்னேன். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

வெளியே என் மாமியாரின் குரல் கேட்டது. கணவரை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் எதிர்த்துப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவ சொல்றது நெசமுங்க. கண்ணாலமாகி வந்த நாள்லருந்து நான் பொகையத்தான் தின்னுட்டு இருக்கறேன். இங்க இருந்த ஒரு மாசமா இருமல் இல்லீங்க. இத இடிக்கறத உட்டுப்போட்டு, நம்மூட்லயும் இதே மாதிரி ஒண்ணு கட்டிப்போடச் சொல்லுங்க."

மாமனார் வீட்டுக்குள் வந்தார். கணப்புக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் விறகைப் பற்றவைக்கச் சொல்லி, புகை போவதையும் பார்த்தார். வெளியே போய், மாடி அறைகளுக்கு வடக்கே பெரிய ஜன்னல் வைக்கவும், பின்பக்கம் தொட்டிக்கட்டு வீட்டைப்போல வானம் பார்த்த வாசல் ஒன்றைச் சுற்றித் தாழ்வாரத்தோடு கட்டவும் கொத்தனார்களிடம் சொன்னார். உத்தரங்களை மட்டும் உயர்த்தலாமா என்று கொத்தனார் கேட்டபோது என் வீட்டுக்காரரே வேண்டாம் என்றுவிட்டார்.

அந்தத் தாழ்வாரத்தில்தான் என் பிள்ளைகள் தவழ்ந்தார்கள். மழை பெய்தால் பின்கட்டில் வீட்டுக்குள்ளேயே பெய்தது. முன்கட்டில் ஒரு சொட்டு விழாமல் வெளியே ஓடியது. துரையின் தங்கச்சியை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிய சில வருஷத்தில் காலமாகிவிட்டார் என்று டீச்சர் ஒருமுறை கோயம்புத்தூர்க் கடைவீதியில் பார்த்தபோது சொன்னார்.

சோமனூர் வீட்டுப் புகைக்கூண்டு அவ்வளவு சுலபமாக அமையவில்லை. அடுத்த தையில் கொத்தனார் கட்டி முடித்தார். பற்றவைத்த முதல் நாளே புகை முழுக்கத் திரும்பி வீட்டுக்குள் கவிந்தது. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். மாமனார் இடித்துவிடலாம் என்றார். மாமியார் விடவில்லை. கொத்தனாரை வண்டியேற்றித் தொண்டாமுத்தூருக்கு அனுப்பி, பழையதற்குள் ஏறிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவர் தலை முதல் கால்வரை கரியோடு இறங்கினார். உள்ளே கழுத்து மாதிரி ஓரிடம் குறுகியிருக்கிறது, நாம் கட்டினதில் அது இல்லை, உயரமும் போதவில்லை என்று சொன்னார். திரும்பப் போய்க் குறுக்கிக் கட்டினார், முகட்டுக்கு மேலே உயர்த்தினார்.

இரண்டாவது தடவை பற்றவைத்தபோது கைக்குழந்தையோடு நானும் அங்கே இருந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். என் மாமியார் அடுப்பில் நெருப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓட்டுக்கு மேலே மெல்லியதாக, நேராக, புகை எழுந்தது. அவர் முந்தானையை இறக்கி இடுப்பில் செருகினார். உள்ளே போய் உலை வைத்தார்.